மாதுளைத் தோலுக்கு எழுதிய பதினான்கு விதிகள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆறு புட்டிகளும் உடையாமல், மூடி கசியாமல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் மீதும் தேதி, தோலின் எடை, கொதித்த நேரம் என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். என் ஆய்வகத்தில் இருப்பவர்களே அவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை. முதலில் அதற்கு நன்றி.

அடுத்ததை எழுதும்போது என் கை சற்றே அவசரப்படுகிறது; பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாதுளைத் தோல் வடிநீர் வேலை செய்கிறது. எந்த மருந்துக்கும் மசியாத ஒரு மருத்துவமனைக் கிருமியை (பெயரை இதோடு வைத்திருக்கும் தாளில் எழுதியிருக்கிறேன்) தட்டில் வளர்த்தோம். பழைய ஆன்டிபயாடிக் ஒன்றை மட்டும் வைத்தபோது அது சட்டை செய்யவில்லை. வடிநீரை மட்டும் வைத்தபோதும் சட்டை செய்யவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்த இடத்தில், பத்தொன்பது மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டு துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருந்தது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அதுவே. உள்ளே நுழைந்த மருந்தைக் கிருமி வெளியே இறைத்துத் தப்பிக்கிறது என்பதும், தோலில் உள்ள ஏதோ ஒன்று அந்த இறைப்பைத் தடுக்கிறது என்பதும் என் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே குறிப்பிட்டு, ஜூன் மாநாட்டுக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பிவிட்டேன்.

வடிநீர் தயாரிக்க நான் எழுதிக் கொடுத்த பதினான்கு விதிகளையும் நீங்கள் வரிக்கு வரி கடைப்பிடித்ததால்தான் இது கைகூடியது. ஆய்வு பற்றிய எதையும் தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் மட்டுமே வைத்துக்கொள்ளும் என் வழக்கத்தை நீங்கள் கேலி செய்வீர்கள். செய்யுங்கள். அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

ரூல்தடித் தம்பிக்கு,

கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். நூல் பிழிகிற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அப்ப இத்தனை வருஷமா ஊரு சட்டைக்கெல்லாம் மருந்தா போட்டுக்கிட்டிருந்தோம்?" என்றாள். அன்றைக்கு முழுக்க ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. மாதுளைத் தோலில் சாயம் எடுத்துத்தான் என் கை மஞ்சளாய்ப் போனது. அதில் மருந்தும் இருக்கிறது என்று என் தம்பி கண்டுபிடித்தான் என்றால் எனக்குப் பெருமை இருக்காதா?

ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மூன்று வாரம் முன்பு அத்தான் ஓட்டுகிற பஸ்ஸில் தரையிலிருந்து கிளம்பி நின்ற ஒரு திருகாணி, செருப்பைத் துளைத்து அவர் இடது பாதத்தில் ஏறிவிட்டது. சர்க்கரை இருக்கிற உடம்பு, வலிக்கவே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது கிளட்சுப் பக்கம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பத்து நாளாக மருத்துவமனையில் இருக்கிறோம். நாலு மருந்து மாற்றியாயிற்று. "எதுக்கும் கட்டுப்படாத கிருமிம்மா. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம். மேல ஏறிச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்" என்கிறார் டாக்டர். அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "எடுக்கிறதுன்னா வலது காலை எடுங்க சார். பிரேக்கை எப்படியாவது சமாளிச்சுக்கலாம், கிளட்ச் இல்லாம வண்டி நகராது." டாக்டர் சிரிக்கவில்லை. நானும்தான்.

சீட்டில் எழுதியிருந்த கிருமியின் பெயரை உன் கடிதத்தோடு ஒத்துப் பார்த்தேன். அதே பெயர். இதற்கு மேல் நான் கேட்கவும் வேண்டுமா? அந்தக் கலவையைச் செய்து உடனே அனுப்பு.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

1. தட்டில் கிருமியைக் கொன்ற ஒன்று உடலிலும் அவ்வாறே செய்யும் என்பதற்கு உறுதி இல்லை.

2. வடிநீரில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

3. மனிதர் மேல் பயன்படுத்த அனுமதி இல்லாத எதையும் ஆய்வகத்திலிருந்து வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை; இருந்திருந்தாலும் அனுப்பமாட்டேன்.

4. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.

அன்புடன்,
தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

என் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. சரி.

நான் உன்னிடம் ரேஷன் கார்டுக்கா மனுப் போட்டேன்? உன் அத்தான் கால், தம்பி. நம்பர் போட்டு எழுதியிருக்கிறாய்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். உன் மருந்தில் பாதி என் பட்டறையில்தான் இருக்கிறது. உனக்கு அனுப்பியது போக மிச்சம் ஒரு கேன் நிறைய வைத்திருக்கிறேன். மாத்திரையை டாக்டர் தருகிறார், தண்ணீரை நான் ஊற்றிக்கொள்கிறேன். உன் அதிகாரத்தை நீயே வைத்துக்கொள்.

இனி போன் பண்ணாதே. எடுக்கமாட்டேன்.


மார்ச் 18
(கூரியர் வழி)

அக்கா,

நேற்று முதல் பதினொரு முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. வேறு வழியின்றி, வார்டு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் என்ன செய்யவிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்பதை மறைக்கவில்லை. அதற்காக என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள்; அந்தக் கேனை மட்டும் திறக்காதீர்கள்.

திறந்த புண்ணில் ஊற்றுவது நேரே இரத்தத்தில் ஊற்றுவதற்குச் சமம். அந்த நீரில் எனக்குத் தெரியாத ஏதோ இருக்கலாம் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அத்தானின் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

அத்தானின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்ப அவர் ஒப்புக்கொண்டார். எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அதைச் செய்யவிடுங்கள்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

டாக்டரிடம் காட்டிக் கொடுத்துவிட்டாய். நான் கேனைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைகிறேன், நர்ஸ் கதவிலேயே நிற்கிறாள், களவு போன பொருளைத் தேடுகிறவள் மாதிரி. "பையில என்னம்மா?" என்கிறாள். "குடிக்கத் தண்ணி" என்றேன். "இவ்வளவு மஞ்சளாவா?" என்றாள். இந்த வயதில் எனக்கு இந்த மானக்கேடு.

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டைப் பிரிக்கக் கையும் வைத்துவிட்டேன். நிறுத்தியது அத்தான்தான்.

"யாரு வேண்டாம்னது?"

"உங்க மச்சான்."

"ஏன்னு சொன்னானா?"

"அதுல என்ன இருக்குன்னு தெரியாதாம்."

"அவனுக்கே தெரியாதா?" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "தெரியாதுன்னு அவன் வாயால வந்திருக்குன்னா விஷயம் பெருசு. கேனை வெளியில வை" என்றார்.

இப்போது கேன் கட்டிலுக்கு அடியில்கூட இல்லை. நர்ஸ் எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறாள். கிருமியை எடுத்துப் பெட்டியில் ஐஸ் வைத்து உனக்கு அனுப்பிவிட்டார்கள். பாதத்தின் கருப்பு கணுக்கால் பக்கம் ஏறியிருக்கிறது. ஜுரம் இறங்கவில்லை. எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். உன்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 26
(கூரியர் வழி)

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு என் நன்றியை முதலில் சொல்லுங்கள். என் "தெரியாது" என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தவர் அவர் ஒருவரே.

கிருமி வந்து சேர்ந்தது. அதன்மேல் செய்த சோதனையில் எனக்குப் புரியாத ஒன்று நடந்திருக்கிறது. உங்கள் ஆறு புட்டிகளில் ஐந்து தீர்ந்துவிட்டதால், கடையில் மாதுளை வாங்கி, அதே பதினான்கு விதிகளின்படி நானே என் கையால் வடிநீர் தயாரித்தேன். ஆன்டிபயாடிக்குடன் சேர்த்து வைத்தும் அத்தானின் கிருமியை அது தொடவே இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்த உங்கள் புட்டியை வைத்தேன். பதினேழு மில்லிமீட்டர் தெளிந்தது. தோலை மாற்றிப் பார்த்தேன், நீரை மாற்றிப் பார்த்தேன். உங்களுடையது வேலை செய்கிறது, என்னுடையது செய்யவில்லை.

ஆகையால் கேட்கிறேன். என் விதிகளில் இல்லாத எதையாவது நீங்கள் செய்தீர்களா? தோலைக் காய வைத்த இடம், கிளறிய குச்சி, வடிகட்டிய துணி, எதுவானாலும் சொல்லுங்கள். நீங்கள் பதில் எழுதாமல் விட்டுவிட்டால் உங்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சொன்ன நான்கும் சரியானவை. இன்றைக்கும் அவற்றையே சொல்வேன். ஆனால் அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்கும் ஒரு வரி அதில் எங்குமே இல்லை. எழுதி முடித்து, பிழை திருத்தி, உறையில் போட்டு ஒட்டும்வரைக்கும் அது எனக்கு உறைக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

அவருக்கு இன்று ஜுரம் எப்படி இருக்கிறது?

தம்பி


மார்ச் 28
(கூரியர் வழி)

தம்பி,

ஜுரம் காலையில் நூற்றொன்று, சாயங்காலம் நூற்றிரண்டரை. கேட்டாயே, அது போதும்.

உன் பதினான்கு விதிகளைச் சுவரில் ஒட்டி வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக டிக் போட்டுத்தான் செய்தேன். விட்டது ஒன்றுமில்லை. எதில் கொதிக்க வைக்க வேண்டும் என்று மட்டும் நீ எழுதவில்லை.

பட்டறையில் தினசரி வேலைக்கு எவர்சில்வர் அண்டா. மூலையில் ஒரு செம்பு அண்டா இருக்கிறது. அதை எல்லாவற்றுக்கும் எடுக்கமாட்டேன். மாதுளைத் தோலை அதில் கொதிக்க வைத்து ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் மஞ்சளில் லேசாகப் பச்சை ஏறும், துணியில் நிறம் நன்றாகக் கடித்துப் பிடிக்கும். நல்ல சரக்குக்கு மட்டும்தான் அது. தம்பிக்குப் போகிறது என்பதால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அதில் செய்தேன். ராத்திரி ஊறவும் விட்டேன். ஆறட்டும் என்றுதானே நீ எழுதியிருந்தாய், எவ்வளவு நேரம் என்றா எழுதினாய்?

உன் கையில் வந்த புட்டியெல்லாம் பச்சை கலந்துதான் இருந்திருக்கும். பார்க்கவில்லையா நீ?

இதைச் சொன்னால் உன் மாநாடு என்ன ஆகும் என்று யோசித்தேன். எனக்கு அதெல்லாம் புரியாது. ஆனால் செம்பிலிருந்து ஏதோ இறங்குகிறது என்பது சாயக்காரிக்குத் தெரியும். கோபத்தை வைத்துக்கொண்டு இதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 2
(கூரியர் வழி)

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். "இளம்பச்சை கலந்த மஞ்சள்" என்று என் குறிப்பேட்டில் முதல் நாளே எழுதியும் வைத்திருக்கிறேன். ஏன் பச்சை என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

உங்கள் கடைசிப் புட்டியில் மிஞ்சிய துளிகளை அளந்து பார்த்ததில் செம்பு ஏராளமாக இருந்தது. மாதுளைத் தோலின் புளிப்பு, அண்டாவின் சுவரை இரவெல்லாம் அரித்து நீரில் இறக்கியிருக்கிறது. அதே அளவு செம்பை வெறும் நீரில் கரைத்து ஆன்டிபயாடிக்குடன் வைத்தேன். தட்டு அதே போலத் தெளிந்தது. தோல் ஒன்றும் செய்யவில்லை, அக்கா. எல்லாம் செம்பின் வேலை. அதை அத்தானின் திறந்த புண்ணில் ஊற்றியிருந்தால், களைத்த சிறுநீரகத்தின்மேல் அந்தச் சுமையும் ஏறியிருக்கும். அவர் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியதற்கு என் வாழ்நாள் நன்றி.

மீதியைத் தொலைபேசியில் மருத்துவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று, எது எதனால் நடக்கிறது என்று பிரித்தறிய ஒரு பெரிய கட்டம் போட்டோம். தோலும் மருந்தும், செம்பும் மருந்தும், தோலும் செம்பும் என்று ஒன்றுவிடாமல் வரிசைகள். எங்கள் டெக்னீசியன் அம்மாள் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "சார், தோலும் வேணாம், செம்பும் வேணாம். வெறும் மருந்தும் மருந்தும் ஒரு வரிசை போட்டா என்ன?" என்றார்.

"ரெண்டுமே தனித்தனியா தோத்த மருந்தும்மா. அதுல என்ன வரப்போகுது?"

"வராதுன்னு எழுதிக்கிறதுக்காவது போடுங்க. மத்தவங்க ஒரு வரிசையை விட்டா மட்டும் குதிக்கிறீங்களே."

போட்டோம். எதுவும் வராது என்று நான் சொன்ன அந்த வரிசையில்தான் வந்தது. அத்தானுக்கு மார்ச் மாதம் கொடுத்துப் பயனில்லை என்று நிறுத்திய இரண்டு பழைய மருந்துகள், சேர்த்து வைத்தபோது அவருடைய கிருமியை அடியோடு அழித்தன. மறுபடி செய்தோம், அதுவே வந்தது. உடனே மருத்துவரை அழைத்தேன். அவர்கள் ஆய்வகத்திலும் செய்து பார்த்தார்கள், அங்கும் அதுவே. இரண்டும் மனிதருக்குக் கொடுக்க ஏற்கெனவே அனுமதி உள்ளவை, அளவு தெரிந்தவை. சிறுநீரகத்தைத் தினமும் பரிசோதித்தபடி இன்று மாலை முதல் தொடங்குவதாகச் சொன்னார்.

தட்டில் நடந்தது உடலிலும் நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று நான்தான் எழுதினேன். இன்றும் அது உண்மையே. ஆனால் நீங்கள் அண்டாவைப் பற்றிச் சொல்லாதிருந்தால் அந்தக் கட்டத்தை நான் போட்டிருக்கவே மாட்டேன். கோபத்தின் நடுவிலும் உண்மையை எழுதினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மூன்று நாளைக்குள் ஜுரம் இறங்க வேண்டும். எனக்கு எழுத வேண்டாம், அழையுங்கள்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

போனில் தினம் பேசிவிட்டு எதற்குக் கடிதம் என்று அத்தான் கேட்கிறார். சிலதை என்னால் வாயால் சொல்ல முடியவில்லை.

மருந்து ஏறின மூன்றாம் நாள் ஜுரம் தொண்ணூற்றொன்பதுக்கு வந்ததை உனக்குச் சொன்னேன். ஆறாம் நாள் புண்ணின் ஓரத்தில் ரோஸ் நிறம் தெரிந்ததையும் சொன்னேன். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, அதுவும் உனக்குத் தெரியும். "போனா போகட்டும், அது ஒரு நாளும் கிளட்ச் மிதிச்சதில்ல" என்று அத்தான் சொல்ல, இந்தத் தடவை டாக்டர் சிரித்துவிட்டார். நேற்று வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் நடந்தார். நர்ஸைத் தாண்டும்போது, "டிக்கெட், டிக்கெட்" என்று கை நீட்டினார். அவள் அடிக்க வந்தாள்.

சொல்லாதது இதுதான். மார்ச் முப்பதாம் தேதி டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். முழங்காலுக்குக் கீழே எடுக்கச் சம்மதம் என்று இருந்தது. ஏப்ரல் மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு என்று நேரம்கூடப் போட்டிருந்தது. அத்தானிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன்னை அழைக்கக் கூச்சமாக இருந்தது.

ஒன்றாம் தேதி நீ டாக்டரை அழைத்தாய். "நாலு நாள் தள்ளி வைக்கிறேன்" என்றார். பிறகு இன்னும் நாலு நாள். இன்று வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னபோது அந்தத் தாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எதையும் எழுத்தில் பார்த்தால்தானே உனக்கு நம்பிக்கை.

அன்றைக்கு நீ முடியாது என்று சொன்னதற்கு நன்றி, தம்பி. சொன்ன விதத்துக்கு இன்னும் ஒரு வாரம் கோபம் பாக்கி இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

மாநாட்டுக் குழுவுக்கு இன்று காலை எழுதிவிட்டேன். மாதுளைத் தோல் பற்றி நான் அனுப்பிய சுருக்கம் தவறானது, திரும்பப் பெறுகிறேன் என்றும், தட்டில் கண்ட தெளிவு செம்புப் பாத்திரத்தால் வந்தது என்றும், அதைக் கண்டுபிடித்தவர் சாயப்பட்டறை நடத்தும் என் தமக்கை என்றும் எழுதினேன். அதற்குப் பதிலாக, தோற்ற இரண்டு மருந்துகள் சேர்ந்து வென்ற கட்டத்தை டெக்னீசியன் அம்மாள் பெயரை முதலில் போட்டு அனுப்புகிறோம். தாவரச் சாறும் மருந்தும் சேர்ந்து பயன் தராது என்று நான் சொல்லவரவில்லை. வேறு சாறுகளை இனி கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும் சோதிக்கப்போகிறேன். ஒரு நாள் ஏதேனும் ஒன்று உண்மையாகவே தேறலாம்.

உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை வகைப்படுத்தி எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்று அந்த நாற்காலியில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்த அரை மணி நேரம்தான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. அழைக்கக் கூச்சப்படும்படி உங்களை வைத்தவன் நான். வெள்ளிக்கிழமை முதல் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் "அத்தான்" என்று மட்டும் எழுதினேன். விவரம் கேட்காமலே கையெழுத்திட்டுவிட்டார்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, கட்டை மாற்றுவது எப்படி என்று நர்ஸிடம் கேட்டு வையுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நகலை மேசையின்மேல் வைத்திருக்கிறேன். அறுவையின் பெயர், நாள், நேரம், உங்கள் கையெழுத்து எல்லாவற்றின் குறுக்கேயும் மருத்துவர் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் "தேவைப்படவில்லை" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார். அதை எத்தனை முறை படித்தேன் என்று நான் எண்ணவில்லை.

உங்கள்,
தம்பி